வீடும் வீடுபேறும்

தமிழில் ‘வீடு’ என்னும் சொல் இருபொருள் உடையது. நான்கு சுவரும் ஒரு கூரையும் கொண்ட இல்லமும் வீடுதான். அறம், பொருள், இன்பம் மூன்றையும் கடந்து நான்காவதாக நிற்கும் பேறும் வீடுதான். உண்ணவும் உறங்கவும் நாம் திரும்பிவரும் இடத்திற்கும், ஆன்மா இறுதியில் சென்றடையும் இடத்திற்கும் நம் முன்னோர் ஒரே சொல்லை வழங்கினர். அதைத் தற்செயல் என்று நாம் கருதவில்லை.

இச்சிந்தனையை நம்முள் மீண்டும் கிளறியது ஓர் இத்தாலிய நூல். மாரியோ ரிகோனி ஸ்டெர்ன் எழுதி 1953ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பனியில் ஒரு சார்ஜென்ட்’ என்னும் போர் நினைவுநூலே அது. இரண்டாம் உலகப் போரில் உருசிய நாட்டின் டான் ஆற்றங்கரையில் நிறுத்தப்பட்ட மலைநாட்டுப் படைவீரர்களின் அன்றாட வாழ்வையும், பின்னர் அவர்கள் பனிவெளியில் நடந்த மரணப் பயணத்தையும் அது கூறுகிறது. போர் இலக்கியம் என்றவுடன் வீர முழக்கத்தையோ குருதி வெள்ளத்தையோ எதிர்பார்ப்பவர்களுக்கு இந்நூல் ஏமாற்றமே அளிக்கும். இதில் மேலோங்கி ஒலிப்பது வீட்டு ஏக்கம் ஒன்றே. அந்த ஏக்கம் ஒருவனை எங்கே இட்டுச் செல்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைமகன்

ரிகோனி ஸ்டெர்ன் 1921 நவம்பர் முதல் நாள், அனைத்துப் புனிதர் பெருவிழாவன்று, வட இத்தாலியின் ஆசியாகோ என்னும் ஊரில் பிறந்தார். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்திலுள்ள பீடபூமி அது. ஊசியிலைக் காடுகளும் மேய்ச்சல் வெளிகளும் நிறைந்த அம்மண், முதல் உலகப் போரில் போர்க்களமாகிச் சிதைந்தது. 1916இல் ஊரே இடிபாடானது. மக்கள் ஏதிலிகளாய் வெளியேறினர். ஆகவே இடிந்த ஊரை மீண்டும் எழுப்பிய தலைமுறையின் மடியில் வளர்ந்தவர் இவ்வாசிரியர். வீடு என்பது இழக்கக்கூடியது என்பதை அவர் தாய்ப்பாலோடு அறிந்திருந்தார் எனலாம்.

1938இல், பதினேழு வயதில், மலையேற்றப் படைப்பள்ளியில் தாமாகவே சேர்ந்தார். ‘ஆல்பீனி’ என்று அழைக்கப்படும் இத்தாலிய மலைப்படையில், திரிதெந்தீனா படைப்பிரிவைச் சார்ந்த வெஸ்தோனே அணியில் பணியாற்றினார். பிரெஞ்சு எல்லை, அல்பேனியா, உருசியா என அவரது இளமை போர்முனைகளிலேயே கழிந்தது. 1943 செப்டம்பரில் இத்தாலி போர்நிறுத்தம் அறிவித்தபின் செருமானியர் அவரைச் சிறைப்பிடித்தனர். பாசிச ஆட்சியின் எச்சத்தோடு மீண்டும் சேர மறுத்ததால் அவர் கைதிமுகாமிலேயே இருக்க வேண்டியதாயிற்று. அங்கேதான், 1944ஆம் ஆண்டின் குளிரில், கிடைத்த தாள்களில் பென்சிலால் இந்நூலை எழுதத் தொடங்கினார். 1945 மே மாதத்தில் நடந்தே ஊர் திரும்பினார். பின்பு நில அளவைப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றி, அதே ஆசியாகோவில் 2008 ஜூன் 16 அன்று மறைந்தார்.

இந்நூலை எயினாவ்தி பதிப்பகத்தின் வரிசையொன்றில் வெளியிட்டவர் புகழ்பெற்ற எழுத்தாளர் எலியோ வித்தோரீனி. வெளியிட்டவரே, இவர் பிறவி எழுத்தாளர் அல்லர் என்னும் கருத்தைத் தெரிவித்தார். காலம் அத்தீர்ப்பை மாற்றி எழுதியது. இந்நூல் அவ்வாண்டே முதல் நூலுக்கான வியாரெஜ்ஜோ பரிசைப் பெற்றது. 1978இல் வந்த ‘தோன்லேயின் கதை’ அவரை இத்தாலியின் முதன்மையான எழுத்தாளர்களுள் ஒருவராக நிலைநிறுத்தியது. ஆயினும் வித்தோரீனி சொன்னதில் ஓர் உண்மையும் உண்டு. ‘பனியில் ஒரு சார்ஜென்ட்’ எழுத்தாளனாக வேண்டும் என்ற ஆசையில் எழுந்த நூலன்று. இறந்தவர்களை மறந்துவிடக் கூடாது என்ற கடமையில் எழுந்த நூல்.

பதுங்குகுழியின் நாள்கள்

நூல் இரு பகுதிகளாக அமைந்துள்ளது. முதற்பகுதி காவலரணைப் பற்றியது. உறைந்து கிடக்கும் டான் ஆற்றின் ஒரு கரையில் இத்தாலியர், எதிர்க்கரையில் உருசியர். பகைவனின் இருமல் ஒலி காதில் விழும் அளவுக்கு நெருக்கம். ஆசிரியர் நினைவை மணங்களாலும் ஒலிகளாலும் மீட்டெடுக்கிறார். சூடேறிய இயந்திரத் துப்பாக்கியின் எண்ணெய் நாற்றம், காலணிக்கடியில் பனி நொறுங்கும் ஓசை, காய்ந்த புல்லைக் காற்று அலைக்கழிக்கும் ஓசை இவையே முதலில் வருகின்றன. படைத்தலைவர்களின் திட்டங்களும் வரைபடங்களும் இந்நூலில் இடம்பெறவே இல்லை என்று சொல்லிவிடலாம்.

மண்ணைக் குடைந்து அமைத்த குழிகளில் வீரர்கள் வாழ்கிறார்கள். இரவுக் காவல் மாறி மாறி வருகிறது. துப்பாக்கியைத் துடைக்கிறார்கள்; பேன் பார்க்கிறார்கள்; விறகு பிளக்கிறார்கள்; ஊருக்கு மடல் எழுதுகிறார்கள். கிடைத்த ரை தானியத்தை அரைத்துத் தங்கள் ஊர் வழக்கப்படி களி கிண்டுகிறார்கள். வடஇத்தாலிய மலைமக்களுக்குக் களி என்பது வெறும் உணவன்று. அடுப்பு, தாய், மாலைநேரம் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், குண்டு விழக்கூடிய ஒரு குழியில், அதைக் கிண்டுகிறவன் பசியை மட்டும் ஆற்றவில்லை. ஒரு வீட்டையே கிண்டி எடுக்கிறான். கிறிஸ்து பிறப்பு நாளில் சார்ஜென்ட் காவல் நிலைகளைச் சுற்றிவந்து வாழ்த்துக் கூறுகிறார். பனிக்கும் உறைந்த ஆற்றுக்கும் குழியிலிருந்து எழும் புகைக்கும், எதிர்க்கரையிலுள்ள உருசியர்களுக்கும்கூட அவ்வாழ்த்து சேர்கிறது. மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரின் விழா மண்குழியில் கொண்டாடப்படுவது பொருத்தமே.

ஏக்கத்தைப் பற்றிப் பேசும் எழுத்தாளர் பலர் ஏக்கத்தையே விளக்கத் தொடங்கிவிடுவர். வாசகன் கண்ணீர் விடுமுன் தாமே விட்டுவிடுவர். ரிகோனி ஸ்டெர்ன் அவ்வாறு செய்யவில்லை. களி வெந்தது, அடுப்பில் விறகு எரிந்தது, வெளியே காவலன் நின்றான் என்று சொல்லி நகர்கிறார். அந்த அடக்கமே இந்நூலின் முதல் சிறப்பு என்று நாம் மதிப்பிடுகிறோம்.

முல்லைப்பாட்டை நினைத்து

பாசறையும் இல்லமும் தமிழிலக்கியத்திற்குப் புதியன அல்ல. நப்பூதனாரின் முல்லைப்பாட்டு 103 அடிகளில் இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுகிறது. மனையில் தலைவி ஆற்றியிருக்கிறாள். பாசறையில் அரசன் புண்பட்ட யானைகளையும் மாண்ட வீரர்களையும் நினைத்து உறக்கமின்றிக் கிடக்கிறான். முல்லைக்கு உரிப்பொருள் ‘இருத்தல்’. அதாவது பிரிவைப் பொறுத்துக் காத்திருத்தல். அது அங்கே தலைவிக்கு உரியது.

டான் கரையில் இந்த முறை மாறிவிடுகிறது. இங்கே காத்திருப்பவன் போர்வீரன். அவனும் அரசனல்லன், பிறர் போட்ட கட்டளைக்காக வந்த உழவனும் ஆயனும் மரவெட்டியும்தான். வரலாறு அவனை எண்ணிக்கையாக மட்டுமே அறியும். உருசியாவுக்கு அனுப்பப்பட்ட இத்தாலியப் படையில் ஏறத்தாழ 2,30,000 பேர் இருந்தனர். அவர்களுள் எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை என்று வரலாறு சொல்லும். இந்நூலோ அவர்களுள் சிலரைப் பெயர் சொல்லி அழைக்கிறது. இன்னின்னார் இப்படிச் சிரித்தனர், இப்படிச் சமைத்தனர் என்கிறது. நல்லாயன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பதை நாம் அறிவோம். எண்ணிக்கையிலிருந்து பெயரை மீட்பது இலக்கியத்தின் அறப்பணிகளுள் ஒன்று.

ஜுவானினின் கேள்வி

அப்பெயர்களுள் ஒன்று ஜுவானின். குழியின் மூலையில், அடுப்பருகே ஒடுங்கியிருக்கும் எளிய வீரன். சார்ஜென்டைப் பார்க்கும்போதெல்லாம் அவன் தன் வட்டார மொழியில் கேட்பது ஒன்றே: ‘பைத்தா’ போய்ச் சேர்ந்துவிடுவோமா என்பது. பைத்தா என்றால் மலைமேய்ப்பர் தங்கும் கல்லும் மரமுமான சிறு குடில். மலைநாட்டு வீரர்களின் பேச்சில் அது தாய்வீட்டையே குறிக்கும். சேர்வோம், நிச்சயம் சேர்வோம் என்று சார்ஜென்ட் ஒவ்வொரு முறையும் தேற்றுகிறார். அவருக்கும் வழி தெரியாது. ஆயினும் அவர் சொல்கிறார். ஏனெனில் அவர் மேற்பார்வையில் ஒப்படைக்கப்பட்டவன் கேட்கிறான்.

இக்கேள்வி நூலெங்கும் திரும்பத் திரும்ப வருவதைச் சலிப்பு என்று கருதுவோர் உண்டு. நாமோ அதை ஒரு மன்றாட்டின் கட்டமைப்பு என்றே காண்கிறோம். செபமாலையில் ஒரே மன்றாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். திருப்பாடல்களில் எதுவரை என்னும் கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. தகவல் வேண்டிக் கேட்பவன் ஒருமுறை கேட்பான். உறவு வேண்டிக் கேட்பவனே மீண்டும் மீண்டும் கேட்பான்.

1943 சனவரி 17 அன்று மலைப்படையின் பின்வாங்கல் தொடங்குகிறது. நூலின் இரண்டாம் பகுதி அதுவே. படைகள் சூழப்பட்டுவிட்டன. சுழியத்திற்குக் கீழே முப்பது, நாற்பது பாகைக் குளிரில், உணவின்றி, நாள் முழுதும் நடை. விழுந்தவர் எழுவதில்லை. சனவரி 26 அன்று நிக்கொலாயெவ்கா என்னும் சிற்றூரில் முற்றுகையை உடைத்துக்கொண்டு வெளியேறும் இறுதிப் போர் நடக்கிறது. அங்கே, தோட்டாக்களைச் சுமந்து செல்லும் வழியில், ஜுவானின் இறக்கிறான்.

அவன் தன் பைத்தாவை அடைந்துவிட்டான், நாமெல்லாரும் ஒருநாள் அடைவோம் என்னும் பொருள்பட ஆசிரியர் அவனுக்கு விடைகொடுக்கிறார். இந்த இடம் திறனாய்வாளரைத் தடுமாற வைக்கும் இடம். இது கசப்பான நகையா, நம்பிக்கை அறிக்கையா? மலைக்குடிலைக் கேட்டவனுக்கு மரணம் கிடைத்தது என்னும் கொடிய முரணைத்தான் ஆசிரியர் காட்டுகிறார் என்று ஒருவர் வாதிடலாம். அதற்கு இடமுண்டு. ஆனால் அவ்வளவே என்றால் ‘நாமெல்லாரும்’ என்னும் சேர்க்கை தேவையில்லை. தேற்றுவதற்காகச் சொன்ன சொல்லை, இறந்தவன் முன்னும் அவர் திரும்பப் பெறவில்லை. அதன் பொருளை மட்டும் அகலமாக்குகிறார். வீடு என்னும் சொல் அங்கே தன் இரண்டாம் பொருளுக்குள் அடியெடுத்து வைக்கிறது. ஆபிரகாமும் அவர் வழிவந்தோரும் அந்நியராய்க் கூடாரங்களில் வாழ்ந்து, மேலான தாயகம் ஒன்றை நாடினர் என்று எபிரேயர் திருமடல் கற்பிப்பதை இவ்விடத்தில் நினையாதிருக்க நம்மால் இயலவில்லை.

பகைவன் வீட்டில் ஒரு தட்டு

அதே நிக்கொலாயெவ்காவில், அதே போருக்கு நடுவே, நூலின் உச்சக் காட்சி அமைகிறது. பசி தாங்காத சார்ஜென்ட் ஒரு குடியானவ வீட்டின் கதவைத் திறந்து உள்ளே நுழைகிறார். உள்ளே மேசையைச் சுற்றி ஆயுதம் தாங்கிய உருசிய வீரர்கள், தொப்பியில் செவ்விண்மீனோடு, ஒரே பாத்திரத்திலிருந்து மரக்கரண்டியால் உண்டுகொண்டிருக்கிறார்கள். கரண்டிகள் பாதிவழியில் நிற்கின்றன. இவர் கையிலும் துப்பாக்கி. பசிக்கிறது என்று தெரிந்த உருசியச் சொற்களில் கூறுகிறார். அங்கிருந்த பெண்களுள் ஒருத்தி தட்டொன்றை எடுத்து, பாலும் சிறுதானியமும் கலந்த கஞ்சியை ஊற்றி நீட்டுகிறாள். அவர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிவிட்டு உண்கிறார். எவரும் அசையவில்லை. குழந்தைகளும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கரண்டி தட்டில் படும் ஓசை மட்டுமே கேட்கிறது. நன்றி சொல்லித் தட்டைத் திருப்பித் தருகிறார். வாயிற்புறத்தில் தேன்கூடுகளைக் கண்டு, தம் தோழர்களுக்காகக் கேட்கிறார். அப்பெண் அதையும் தருகிறாள். அவர் வெளியே போகிறார். எவரும் சுடவில்லை.

நம் குறிஞ்சி நிலத்து விருந்தோம்பலில் தேனும் தினையும் இணைபிரியாதவை. தினைக்கு உறவான தானியமும் தேனும் ஒரு மலைமகனுக்கு அந்நியச் சமவெளியில் கிடைப்பது தமிழ் வாசகனின் நெஞ்சைத் தனியாகத் தொடும்.

இக்காட்சியை உடனே நற்கருணையின் உருவகமாக்கிவிடும் ஆசை, மறையுரை ஆற்றிப் பழகிய நமக்கு எளிதில் எழும். அதைச் சற்று அடக்கிக்கொள்வது நல்லது. அப்பெண் எந்த உருவகத்தையும் பரிமாறவில்லை. பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றினாள். மத்தேயு நற்செய்தியின் இறுதித் தீர்ப்புக் காட்சியிலும் நல்லோர் தாம் யாருக்கு உணவளித்தோம் என்று அறியாமலேதான் அளித்தார்கள். அறியாமை அங்கே குறையன்று. அன்பின் தூய்மைக்குச் சான்று. ஆசிரியரும் இதை வியப்பாகவோ புதுமையாகவோ எழுதவில்லை. மனிதருக்கிடையே ஒருகாலத்தில் இயல்பாக இருந்திருக்க வேண்டிய ஒன்று மீண்டும் நிகழ்ந்ததாகவே கருதுகிறார். படைப்பின் தொடக்க நன்மையைப் பற்றித் திருச்சபை கற்பிப்பதற்கு இதைவிட அண்மையான சான்றை நாம் போர் இலக்கியத்தில் கண்டதில்லை.

இங்கேதான் நூலின் இரு இழைகளும் ஒன்றாகின்றன. குழியில் களி கிண்டி வீட்டைக் காத்துக்கொண்டவன், பகைவனின் மேசையைக் கண்டவுடன் அதை வீடென்று அறிந்துகொண்டான். தன் வீட்டை மறந்த வீரனாக இருந்திருந்தால் அவன் கண்ணுக்கு அது எதிரியின் நிலை மட்டுமே. ஏக்கம் அவன் கையைத் தளர்த்தவில்லை, கண்ணைத் திறந்தது.

எழக்கூடிய இரு தடைகள்

இந்நூலை நம் வாசகர்க்குப் பரிந்துரைக்கும்போது இரு தடைகள் எழக்கூடும். முதலாவது, இதில் கடவுளைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. பக்தி நூலகத்தில் இதற்கு இடமுண்டா என்பது. ஆசிரியரை வலிந்து கத்தோலிக்க எழுத்தாளராக்குவது நேர்மையாகாது. அறியாமலேயே கிறிஸ்துவைச் சார்ந்தவர் என்று இறையியலார் கார்ல் ரானர் வழங்கிய வகைப்பாட்டில் அவரை அடைத்துவிடவும் நாம் விரும்பவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு, மாந்தரின் மகிழ்வும் கவலையும் திருச்சபையின் மகிழ்வும் கவலையுமே என்னும் கருத்தோடு தொடங்குகிறது. அதுவே இந்நூலை வாசிக்க நமக்குப் போதிய காரணம்.

அதே திரிதெந்தீனா படைப்பிரிவில் ஆன்ம குருவாக உடன் சென்றவர் மிலான் மறைமாவட்டத்தின் அருட்பணியாளர் கார்லோ ஞோக்கி. அப்பனிப் பயணத்தில் அவரும் சோர்ந்து விழுந்து, சறுக்குவண்டியில் ஏற்றப்பட்டு உயிர் பிழைத்தார். சாகும் வீரர்கள் தம் பிள்ளைகளை அவரிடம் ஒப்படைத்த சொற்கள் அவரை விடவில்லை. போருக்குப்பின் ஆதரவற்ற குழந்தைகளுக்கும், குண்டுகளால் உறுப்பிழந்த குழந்தைகளுக்கும் இல்லங்கள் அமைத்தார். 1956இல் இறக்கும்போது தம் கண்களின் விழிப்படலத்தைப் பார்வையற்ற இளைஞர் இருவருக்கு அளித்தார். 2009 அக்டோபர் 25 அன்று மிலானில் அருளாளராக உயர்த்தப்பட்டார். சார்ஜென்ட் கிறிஸ்துவின் பெயரைச் சொல்லாமல் எழுதியதை, குரு அப்பெயரைச் சொல்லிச் செய்தார். இருவரும் நடந்தது ஒரே பனிவழி. வீடு சேராதவர்களின் பிள்ளைகளுக்கு வீடு கட்டியதே ஜுவானினின் கேள்விக்கு அக்குரு அளித்த விடை.

இரண்டாவது தடை வலியது. வீட்டை நினைத்து உருகும் இவ்வீரர்கள் யாருடைய வீட்டில் இருந்தார்கள்? டான் கரையின் அக்காவலரண் மீனவர் ஊரொன்றில் அமைந்திருந்தது. அவ்வீடுகளின் மக்கள் எங்கே போனார்கள் என்பதை நூல் அரிதாகவே கேட்கிறது. அழைக்கப்படாமல் படையெடுத்து வந்தவர்கள் இத்தாலியர். பாசிச அரசு நாசிகளோடு கைகோத்து நடத்திய அநீதியான போர் அது. கஞ்சி ஊற்றிய பெண்ணுக்கு நூலில் பெயர்கூட இல்லை. ஜுவானினைப் பெயர் சொல்லி மீட்ட எழுத்து, அவளை மீட்கவில்லை. இது நூலின் மெய்யான குறை என்றே நாம் கருதுகிறோம். சார்ஜென்டுக்கு அப்போது வயது இருபத்தொன்று என்பதும், கைதிமுகாமில் எழுதினார் என்பதும் விளக்கங்கள், விடைகள் அல்ல.

ஆனால் விடையைத் தேடி அவர் மீண்டும் புறப்பட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். பழைய போர்முனைக்கு ஆயுதமின்றித் திரும்பிச் சென்றதை ‘டானுக்குத் திரும்புதல்’ என்னும் நூலாக 1973இல் வெளியிட்டார். இருபது ஆண்டுகளுக்குப்பின், 1993இல், முன்பு மலைப்படையின் தலைமையகம் இருந்த ரோசோஷ் நகரில், ஆல்பீனி வீரர் சங்கத்தார் தம் கைகளாலேயே குழந்தைகள் பள்ளியொன்றைக் கட்டி அந்நகர மக்களுக்கு அளித்தனர். பரிகாரம் என்னும் சொல்லை நாம் பாவசங்கீர்த்தனத் தொட்டியோடு நிறுத்திவிடுகிறோம். செங்கல்லும் சாந்துமாகவும் அது எழக்கூடும்.

நிறைவாக

அச்சமவெளிக்கு அண்மையில், 2022இல் உருசியா உக்ரைன்மீது தொடுத்த போரால், பீரங்கிகள் மீண்டும் முழங்கின. எந்தப் பக்கத்துக் குழியிலும் ஒரு ஜுவானின் அமர்ந்து அதே கேள்வியைக் கேட்டிருப்பான் என்பதில் ஐயமில்லை. படைப்பணியில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, மடலுக்கும் தொலைபேசி அழைப்புக்கும் காத்திருக்கும் குடும்பங்கள் நம் பங்குகளிலும் உண்டு. அவர்களுக்காக மன்றாடும்போது, எல்லைக்கு அப்பால் அதேபோல் காத்திருக்கும் வீட்டையும் சேர்த்து மன்றாடுவது நாட்டுப்பற்றுக்கு மாறானதன்று. நம் வீட்டை நாம் உண்மையாகவே நேசிக்கிறோம் என்பதற்கு அதுவே அளவுகோல்.

ரிகோனி ஸ்டெர்ன் நமக்குப் பெரிய தத்துவம் எதையும் விட்டுச்செல்லவில்லை. ஒரு களிப்பானை, ஒரு கேள்வி, ஒரு தட்டுக் கஞ்சி, சிறிது தேன். மண்ணில் உள்ள வீட்டை ஏங்கி நினைக்கத் தெரியாதவன் விண்ணக வீட்டை விரும்புவதாகச் சொல்வதை அந்நூல் நம்பாது. தன் வீட்டை மட்டும் வீடென்று எண்ணுபவன் வீடுபேற்றை அடைவான் என்பதையும் அது நம்பாது. நாமும் நம்ப வேண்டியதில்லை.